அமைதி என்று எழுதிய வரிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து, அந்த வரியை நானே அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை. நாங்கள் நலம் என்று எழுதிக் கொடுத்தால் அதை நீ எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவாயோ என்று இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

போனில் பேசியிருக்கலாம். போனில் மூன்றாவது நிமிடம் 'அக்கா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்' என்பாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. மடித்து வைக்கலாம். மடித்து வைத்தாலும் உன் மேசையில்தான் கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அமில ஆலை இரண்டாவது புகைபோக்கி கட்டப்போகிறது. அதற்கான அறிக்கையை மக்கள் பார்வைக்கு என்று நகராட்சி அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள். நானூற்றுப் பதினாறு பக்கம். வெளியே எடுத்துப் போகக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, அங்கேயே படிக்கலாம். உட்கார நாற்காலி கிடையாது. தண்ணீர் வாரிய லேபில் மூன்று நாள் அரை விடுப்பு போட்டுவிட்டு, நின்றபடியே படித்தேன். முதல் நாள் அங்கிருந்த எழுத்தர், 'இதையெல்லாம் யாரும்மா படிப்பாங்க, நீங்கதான் முதல் ஆள்' என்றார். மூன்றாம் நாள் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. மொட்டை மாடி, ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் மூன்று கிண்ணம் சுற்றும் காற்றுமானி. 'வானிலைக் கம்பம், குடியிருப்புப் பகுதி' என்று கீழே போட்டிருந்தது. கொடியில் என் சின்னவளின் பள்ளிச் சீருடை காய்கிறது. தரையில் வாளியோடு என் நிழல் விழுந்திருக்கிறது. பதினேழு வருடமாக நான் பெருக்கித் துடைக்கும் வீடு குடியிருப்புப் பகுதி ஆகிவிட்டது, போகட்டும். கடைசிப் பக்கத்தில் 'கணக்கிட்டவர்' என்று போட்டு ஒரு கையெழுத்து. அந்தக் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தவள் நான். என்னைவிட நன்றாக யாருக்கு அது அடையாளம் தெரியும்?

நீ ஆலைக்காகத்தான் கணக்குப் போடுகிறாய் என்பது எனக்குத் தெரியாததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்து கம்பத்தை நட்டபோதே சொன்னாய். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னாய். 'ஆலைக்காரங்க சொல்றதும் வேண்டாம், தெருக்காரங்க சொல்றதும் வேண்டாம்க்கா. காத்து என்ன சொல்லுதோ அதைக் கேப்போம்.' அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீடு, பக்கத்துவீடு, லேப் என்று ஓர் இடம் விடாமல் சொல்லித் திரிந்தேன். புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக வாயு எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு உயரத்தில் போகிறது, போகும் வழியில் என்னவாக மாறுகிறது என்று என் தம்பி கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துச் சொல்லப்போகிறான், அதற்கு என் மொட்டை மாடிதான் வேண்டுமாம் என்று.

அந்த ஒரு வருடம் நான் செய்த வேலை உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. ஞாயிறுதோறும் மாடி ஏறிப் பெட்டியைத் திறந்து மெமரி கார்டை எடுப்பேன். மணிக்கு ஒரு வரி, வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'நிலை' என்று ஒரு கட்டம். அதை நான்தான் நிரப்ப வேண்டும், நோட்டிலும் ஒரு பிரதி எழுதிக்கொள்வேன். வேகம் பூஜ்யம் என்று வந்தால், கிண்ணம் சிக்கிக்கொண்டதா, உண்மையிலேயே காற்று இல்லையா என்று பார்க்கச் சொன்னாய். சிக்கியிருந்தால் 'பழுது'. காற்று இல்லையென்றால் 'அமைதி'. அதற்காகக் கம்பத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போனாய். விடியற்காலை எழுந்ததும் சமையலறை ஜன்னல் வழியாக அந்த நூலைப் பார்த்து, அசைகிறதா இல்லையா என்று காலண்டரில் குறிப்பேன். அதற்கு அப்புறம்தான் அடுப்பு. கணுக்கால் பிசகிய வாரத்தில்கூட ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். ஐம்பத்திரண்டு ஞாயிறில் ஒன்றைக்கூட விடவில்லை.

உன் அறிக்கையில் 'நிலை' என்ற கட்டமே இல்லை. நான் அமைதி என்று எழுதிய இடத்திலெல்லாம் 'தரவு இல்லை' என்று இருக்கிறது. ஆயிரத்து இருநூற்று நான்கு மணி நேரம். சேர்த்துப் பார்த்தால் ஐம்பது நாளும் நான்கு மணி நேரமும்.

தரவு இல்லையா? நான் எழுதிக் கொடுத்தேனே.

எங்கள் லேபில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுப்போம். தண்ணீரில் ஒரு பொருளைத் தேடி அது கிடைக்கவில்லை என்றால் 'கண்டறியப்படவில்லை' என்று எழுத வேண்டும். தேடவே இல்லை என்றால் 'பரிசோதிக்கப்படவில்லை' என்று எழுத வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய படிப்புப் படித்த உன் இடத்தில் இதற்கு என்ன பெயரோ தெரியவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. உன் வாய்பாட்டில் காற்றின் வேகம் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. வேகம் பூஜ்யமானால் வகுக்க முடியாது. 'காத்து நின்னா கணக்கும் நின்னுடும்க்கா' என்று மாடியில் நின்று சிரித்தபடி சொன்னாய், நானும் சேர்ந்து சிரித்தேன். உன் கணக்கு நின்றது, சரி. ஆலை நின்றதா? அந்த ஆயிரத்து இருநூற்று நான்கு மணி நேரமும் புகைபோக்கி என்ன செய்துகொண்டிருந்தது என்று யாராவது கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். காற்று நிற்பது பெரும்பாலும் விடியலுக்கு முன்னால்தான். தரை குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே காற்று சூடாக இருக்கும். பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. எங்கள் ஆறு தெருவும் பள்ளத்தில் இருப்பதால், மேலே போக வேண்டியது கீழே வந்து தங்கிவிடும். முதலில் நாக்கில் தெரியும், வாய்க்குப் பக்கத்தில் தீக்குச்சி உரசிய மாதிரி. அப்புறம் தொண்டை. அப்புறம் ஒவ்வொரு வீடாக இருமல் கேட்கும். எந்த இருமல் எந்த வீடு என்று எனக்கு அத்துப்படி. எட்டரை மணிக்கு வெயில் ஏறினால் மூடி திறக்கும், நூல் ஆடும், கிண்ணம் சுற்றும். அப்போது உன் கணக்கு ஆபீசுக்கு வருகிற அதிகாரி மாதிரி நிதானமாக வந்து உட்காரும். எல்லாம் முடிந்த பிறகு.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நான்கு மணி நேரத்தில் அந்த வாயு பாதி அழிந்துவிடும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாய். நானும் கெமிஸ்ட்ரி படித்தவள்தான். அழிகிறதா? அது வேறு பெயர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பனிமூட்டத்தின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி, கொடியில் இருக்கும் துணியில் இறங்குகிறது. அறிக்கையில் வந்த அந்தச் சீருடையில் ஊசி குத்திய மாதிரி ஒன்பது ஓட்டை. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், அதையும் ஒரு கட்டத்தில் போட்டுக்கொள்.

நீ என்னைச் சொல்லிக்காட்டுவதற்கு முன் நானே சொல்கிறேன். என் மேலும் கோபம் இருக்கிறது. வருடம் முழுக்க இருமிக்கொண்டே 'அமைதி', 'அமைதி' என்று எழுதியிருக்கிறேனே, ஒரு நாளாவது கை நின்றதா? எவ்வளவு அழகான சொல் என்றுகூட ஒருமுறை நினைத்தேன். காற்று இல்லை என்றால் அமைதி என்று எனக்கு யார் சொன்னது? நீ சொன்னாய். நான் எழுதினேன். நீ ஒரு சொல் கொடுத்தால் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு எப்போது வந்ததோ.

சின்ன வயதில் உன் பெயரே வீட்டில் காத்தாடிதானே. காகிதக் காத்தாடியோடு வாசலில் நிற்பாய். அது சுற்றாமல் நின்றுவிட்டால் 'காத்து செத்துப்போச்சு' என்று தெருவே கூடும்படி அழுவாய். நான் ஓடி வந்து கன்னம் வலிக்க ஊதுவேன். அன்றைக்குக் காற்று நின்றது உனக்கு அவ்வளவு பெரிய செய்தி. இன்றைக்கு அது செய்தியே இல்லை.

சும்மா கத்துகிறாள் என்று நினைக்காதே, அளந்துதான் கத்துகிறேன். சின்னவளின் பழைய மீன் தொட்டியிலிருந்து பம்பை எடுத்து, பெராக்சைடு கலந்த தண்ணீருக்குள் விடியற்காலைக் காற்றை மூன்று மணி நேரம் குமிழியாக விட்டேன். கந்தக வாயு அதில் அமிலமாகி நின்றுவிடும். லேபில் மதிய இடைவேளையில், எவ்வளவு காரம் விட்டால் நிறம் மாறுகிறது என்று பியூரெட்டில் பார்த்தேன். ஐந்து காலை செய்தேன். எங்கள் தெருவுக்கு வருடத்தின் உச்ச அளவு என்று உன் அட்டவணை சொல்வதைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு. பம்பின் ரப்பரே கொஞ்சம் தின்றிருக்கும், ஆகவே உண்மை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். குறைவாக இருக்க வழியில்லை.

உன் அத்தானுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 'அவன் வேலை அவனுக்கு, விடேன்' என்றார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர் அல்லவா, நாலரைக்கே கிளம்புகிறார், அதே மூடிக்கு அடியில்தான் நடந்து போகிறார். உன் அட்டவணையைக் கையால் எழுதிக்கொண்டு வந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'வராத பஸ்ஸை வரலைன்னுதான் எழுதுவோம். அப்படி ஒரு பஸ்ஸே கிடையாதுன்னு எழுத மாட்டோமே' என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்குள் நீ அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். காற்று நின்ற நேரங்களைக் கணக்கில் எடுக்கவில்லை, மறுபடி போட்டுத் தருகிறேன் என்று. போட முடியாது என்று சொல்லாதே. புகையைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு பொட்டலமும் எங்கே தங்குகிறது என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு, காற்று நின்றாலும் அது நிற்காது, ஆனால் நாள் பிடிக்கும் என்று நீயேதான் இந்த மாடியில் நின்று எனக்குச் சொன்னாய்.

சின்னவள் ஓட்டப் பயிற்சியை விட்டுவிட்டாள். படிப்பு அதிகமாம். மற்றபடி எல்லாரும் இருக்கிறோம்.

எழுத்தில் பதிலை எதிர்பார்க்கும்
உன் அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

நீ போன் செய்தாய். எழுது என்றேன், நீ பேசினாய். பதினோரு நிமிடம், இந்த வருடத்திலேயே அதிகம், அதற்கு நன்றி.

நீ சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறேன். 'அது விதிமுறைக்கா, நான் கண்டுபிடிச்சது இல்லை. அந்த நேரத்தைத் தள்ளிட்டுத்தான் எல்லாரும் போடறாங்க.' சரி. 'நான் ஒருத்தன் மாத்தினா என்னைத்தான் மாத்துவாங்க.' அதுவும் சரி. கடைசியாக, 'நீ உணர்ச்சிவசப்படறே' என்றாய். அங்கேதான் நான் போனை வைத்தேன். பியூரெட்டைப் பார்த்து எழுதிய எண்ணுக்கு என்னடா உணர்ச்சி?

வெள்ளிக்கிழமை போனேன். தெருவிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஆலைப் பொறியாளர் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். புகை போகும் திசையெல்லாம் மஞ்சள், எங்கள் ஆறு தெருவும் நல்ல பச்சை. இருமிக்கொண்டே பச்சையைப் பார்த்தோம். என் முறை வந்ததும் எழுந்து, காற்று நின்ற நேரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். 'அம்மா, அந்த நேரத்துக்குத் தரவு இல்லை' என்றார். இருக்கிறது, எழுதியவள் நான்தான் என்று நோட்டை எடுத்துக் காட்டினேன். அப்புறம் என் அளவுகளைப் படித்தேன். எதில் அளந்தீர்கள் என்று கேட்டார்கள். மீன் தொட்டிப் பம்பு என்றதும் முன் வரிசையில் சிரிப்பு. ஆலை ஆள் ஒருவர், 'தொட்டியில மீன் என்னம்மா ஆச்சு' என்று கேட்டார். 'தொட்டியில இப்ப மீன் இல்லைங்க, நாங்கதான் இருக்கோம்' என்றேன். சிரிப்பு நின்றது.

தலைமை வகித்த அதிகாரி ஓர் அம்மாள், என் வயதுதான் இருக்கும். அறிக்கையைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, 'இந்தக் கணக்குப் போட்டவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

உன்னைக் காப்பாற்றச் சொன்னேனா, கைகழுவச் சொன்னேனா என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அது பொய்யா, உண்மையா என்றுகூட எனக்குத் தீரவில்லை. உன் அத்தான் பக்கத்தில் நடந்து வந்தார். தெரு முனையில், 'நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்' என்றார்.

அந்த அம்மாள் எழுதிய முடிவு இது. காற்று நின்ற நேரம் ஏன் விடப்பட்டது என்று கையெழுத்திட்டவர் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்க வேண்டும். விளக்கம் வராவிட்டால் அறிக்கை உள்ளபடியே ஏற்கப்படும். உள்ளபடியே என்றால் இரண்டாவது புகைபோக்கி. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும், அது எழும்பிவிடும். சும்மா இருப்பதற்கு உங்கள் கணக்கில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்றை மறைத்திருந்தேன். மறைத்த காரணம் கொஞ்சம் கர்வம்தான். உன் மருமகளுக்காக நீ கணக்கை மாற்றக் கூடாது, கணக்கு தப்பு என்பதற்காக மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

போன வருடம் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேனே, அது காய்ச்சல் இல்லை. காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் மூன்றாவது சுற்றில் மூச்சு அடைத்து விழுந்துவிட்டாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதில் நான்கு நாள் முகமூடி வழியாகத்தான் மூச்சு. ஐந்தாம் நாள் அதைக் கையால் நகர்த்திவிட்டு அவள் சொன்ன முதல் பேச்சு, 'மாமாகிட்ட சொல்லாதேம்மா, பதறிப்போய் கம்பத்தைப் பிடுங்கிடுவார். அப்புறம் நம்ம தெருவைப் பத்தி யாருக்கும் தெரியாமலே போயிடும்.' பதினான்கு வயதுப் பெண். உன் கணக்கை அவ்வளவு நம்பினாள்.

இடையில் ஒரு ஞாயிறு வந்தது. அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மாடி ஏறி, கார்டை எடுத்தேன். அவள் விழுந்த நாள், காலை ஆறு மணி வரி. வேகம் பூஜ்யம். காலண்டரில் நூல் அசையவில்லை என்று குறித்திருந்தேன். நிலைக் கட்டத்தில் 'அமைதி' என்று எழுதினேன். கை நடுங்கவில்லை, சரியாக எழுத வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. எழுதி முடித்துவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நகராட்சி அலுவலகத்தில் நின்றுகொண்டு, அறிக்கையின் பிற்சேர்க்கையில் நான் முதலில் தேடியது அந்த வரியைத்தான். தரவு இல்லை.

அறிக்கைக்கான வருடம் முடிந்தும் நீ வந்து கம்பத்தைக் கழற்றவில்லை, நானும் ஏறுவதை நிறுத்தவில்லை. சிவப்பு நூல் வெளுத்துப் போய்விட்டது, வேறு கட்டியிருக்கிறேன். இன்று ஞாயிறு. காலை ஆறு மணி வரியில் வேகம் பூஜ்யம். சின்னவள் கூடவே மாடிக்கு வந்தாள். படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தாள், நான் கணுக்கால் பிசகியபோது ஏறினேனே, அந்த மாதிரி. நிலைக் கட்டத்தில் இன்றைக்கு என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே எழுதினாள். 'ஆள் இருக்கிறோம்.'

இனி அந்தக் கட்டத்தில் அதுதான். உன் பெட்டி ஏற்றுக்கொள்ளாவிட்டால் நோட்டில் இருக்கும்.

பதினைந்தில் இரண்டு நாள் போய்விட்டது. இந்தக் கடிதம் வந்து சேர இன்னும் மூன்று நாள் போகும். மிச்சம் இருப்பது உன்னுடையது.

நீ தீர்க்காயுசாக இரு. உன் ஜன்னலுக்கு வெளியே காற்று ஒரு நாளும் நிற்காமல் இருக்கட்டும். எழுதுகிற கை நடுங்காமல் இருக்கட்டும்.

உன்னைத் தெரியாது என்று ஒரே ஒரு முறை சொன்ன
அக்கா